கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்த ஒரு மெயில் பட்டியல்

மாலை நான்கு மணி. கட்டுரை ஆறு மணிக்குள் போயாக வேண்டும். புள்ளிவிவரம் இருக்கிறது, பின்னணி இருக்கிறது, தலைப்புகூடத் தயார். ஒரே ஒரு குறை: அந்த விஷயத்தில் நேரடி அனுபவமுள்ள ஒருவர் வாயால் சொன்ன இரண்டு வரி இல்லை. இப்படித் தவிக்கும் நிருபர் யாருக்கு போன் போடுவார்? ஆள் தெரிந்தவருக்கு. நியூயார்க்கில் பீட்டர் ஷாங்க்மன் அப்படி ஓர் ஆள் தெரிந்தவர்.

அவர் மக்கள் தொடர்புத் துறைக்காரர். அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் செய்திப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் நடத்தினார். நிறைய பயணம் செய்வார். விமானத்தில் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் பேச்சுக் கொடுத்து அறிமுகம் செய்துகொள்வார். அப்படிச் சேர்ந்த அறிமுகங்களை நம்பித்தான் நிருபர்கள் அவரை அழைத்தார்கள். இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 'இந்த நோய் வந்து குணமானவர் யாராவது தெரியுமா?', 'வீட்டிலிருந்தே தொழில் தொடங்கிய அம்மாக்கள் யாராவது இருக்கிறார்களா?' என்ற மாதிரிக் கேள்விகள். தெரிந்தால் நம்பர் கொடுப்பார். காசு கேட்கவில்லை.

அந்த இலவசப் பதில்களிலிருந்து இரண்டரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் கொண்ட மின்னஞ்சல் பட்டியல் ஒன்று பிறந்து, வளர்ந்து, விலைக்கும் போனது. அதன் பெயர் 'ஹெல்ப் எ ரிப்போர்ட்டர் அவுட்', சுருக்கமாக ஹாரோ. இணையத்தில் கேள்விகளுக்கு இலவசமாகப் பதில் சொல்லி மெயில் பட்டியல் வளர்க்க நினைப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை ஒரே வாய்ப்பாடு: பதில் எழுது, கீழே லிங்க் கொடு, இலவசக் கையேடு ஒன்றைக் காட்டி மெயில் முகவரி வாங்கு. ஹாரோ அந்த வழியில் வளரவில்லை. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

குழுவிலிருந்து மெயிலுக்கு

2007-ன் கடைசியில் ஷாங்க்மன் ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார். ஒரு நிருபருக்கு உதவ முடிந்தால் உதவுவேன் என்பதுதான் அதன் பெயர். தன்னிடம் வரும் கேள்விகளை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கேட்பதற்குப் பதில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம் என்பது யோசனை. அந்தக் காலத்து ஃபேஸ்புக்கில் ஒரு குழு 1,200 பேரைத் தாண்டிவிட்டால், அதன் உறுப்பினர்கள் எல்லோருக்கும் மொத்தமாகச் செய்தி அனுப்ப முடியாது. குழு அந்த எல்லையைத் தொட்டது. 2008 மார்ச்சில் தனி இணையதளமும் மின்னஞ்சல் பட்டியலும் தொடங்கின.

இந்த 1,200 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மெயிலுக்கு மாறியது பெரிய உத்தியெல்லாம் இல்லை. அடுத்தவர் இடத்தில் கூட்டம் சேர்த்தால், எத்தனை பேரிடம் பேசலாம் என்பதை அந்த இடத்தின் சொந்தக்காரர்தான் முடிவு செய்வார் என்பது அவருக்கு மூன்று, நான்கு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. பலருக்கு இது தெரிய வருடக்கணக்காகிறது. யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் 2005-ல் தொடங்கி, 2021 மே 4 அன்று மூடப்பட்டது. அங்கே பதினைந்து வருடம் பொறுமையாகப் பதில் எழுதியவர்களுக்குத் தங்கள் எழுத்தைப் பதிவிறக்கிக்கொள்ள சில வாரங்கள் அவகாசம் கிடைத்தது. எழுத்தையாவது எடுத்துக்கொண்டு போகலாம். அதைப் படித்து நன்றி சொன்னவர்களை எப்படி எடுத்துக்கொண்டு போவது? பதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். படித்தவரை மறுபடி சென்றடையும் வழி உங்கள் கையில் இருக்க வேண்டும். மெயில் பட்டியலுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஹாரோவுக்கு முன்பே இந்தத் துறையில் ஒரு சேவை இருந்தது. 1992-ல் தொடங்கிய புரோஃப்நெட், நிருபர்களின் கேள்விகளைப் பல்கலைக்கழகங்களின் செய்தித் தொடர்பாளர்களிடம் மின்னஞ்சலில் கொண்டுசேர்த்தது. நிபுணர்கள் தரப்பு அதற்குச் சந்தா கட்ட வேண்டும். ஷாங்க்மன் இரண்டு பக்கமும் காசை எடுத்துவிட்டார். அதனால் மலிவானது என்பதோடு விஷயம் முடியவில்லை; உள்ளே வருபவர்களே மாறினார்கள். கட்டணம் இருந்தவரை பெரிய நிறுவனங்களின் ஆட்கள் மட்டும் வந்தார்கள். இலவசமானதும் தச்சர், செவிலியர், சிறு கடைக்காரர், மூன்று குழந்தைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் அம்மா என்று எல்லோரும் வரலாம் என்றானது. நிருபர்களுக்குத் தேவைப்பட்டவர்கள் இவர்கள்தான். பேராசிரியரைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு எப்போதுமே சுலபம்.

அந்த மெயிலில் என்ன இருந்தது

வார நாட்களில் தினமும் மூன்று மெயில்: காலை, மதியம், மாலை. ஒரு நாளைக்கு மூன்று மெயில் அனுப்பினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். இங்கே ஓடவில்லை. காரணம் தெரிய அந்த மெயிலைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மேலே ஷாங்க்மன் எழுதிய சில வரிகள்: எந்த ஊர் விமான நிலையத்தில் இருக்கிறார், ஓட்டப் பயிற்சி எப்படிப் போகிறது, வீட்டுப் பூனைகள் என்ன செய்தன. அதன்பின் எழுத்தாலான ஒரே ஒரு விளம்பரம். அப்புறம் துறைவாரியாகப் பிரித்த அட்டவணை: மருத்துவம், வணிகம், கல்வி, தொழில்நுட்பம், பயணம் என்று ஒவ்வொரு கேள்வியும் ஒற்றை வரியில். அதற்குக் கீழே அதே கேள்விகள் முழுமையாக. எந்தப் பத்திரிகை, என்ன கேள்வி, எப்படிப்பட்ட ஆள் வேண்டும், எத்தனை மணிக்குள் வேண்டும். படம் இல்லை, வண்ணம் இல்லை, 'இங்கே சொடுக்கவும்' பொத்தான் இல்லை.

படிப்பவருக்கு அரை நிமிட வேலை. அட்டவணையை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பார். பெரும்பாலான நாட்களில் தனக்கானது எதுவும் இருக்காது, மூடிவிடுவார். ஒரு நாள், தான் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று அங்கே இருக்கும். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களிலும் திறப்பார். கேள்விக்குக் கெடு இருப்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவும் முடியாது. சாதாரணச் செய்திமடல்கள் தோற்பது இங்கேதான். நல்ல விஷயமாக இருக்கும், ஆனால் இன்றே படிக்க வேண்டிய காரணம் இருக்காது. அப்புறம் படிக்கலாம் என்று வைத்த மெயில் எந்தக் காலத்தில் படிக்கப்பட்டது?

என்னை அதிகம் யோசிக்கவைத்தது இன்னொன்று. கேள்விக்குப் பதில் சொல்லி ஆட்களை மெயிலுக்கு அழைத்துவரும் பலர், மெயிலில் வேறொன்றைக் கொடுக்கிறார்கள். வெளியே கூர்மையான பதில். உள்ளே வந்ததும் பொதுவான அறிவுரை, விற்பனைக் கடிதம், அடுத்த வகுப்புக்கான அழைப்பு. கேள்வியின் பதிலைப் பார்த்து வந்தவர் கேள்வி-பதிலைத்தான் எதிர்பார்க்கிறார். ஷாங்க்மன் போனில் என்ன செய்தாரோ அதையே மெயிலிலும் செய்தார். வாசலும் வீடும் ஒரே மாதிரி இருந்தன.

அந்த மேல்வரிகளையும் அலங்காரம் என்று ஒதுக்க மாட்டேன். எழுத்தாலான அந்த ஒற்றை விளம்பரம்தான் பட்டியலின் வருமானம். அது கேள்விகளுக்கு நடுவே இல்லாமல், ஆள் பேசி முடித்த கையோடு வந்ததால் கண்ணில் பட்டது.

வளர்ந்த விதம்

ஹாரோவின் பெருக்கம் விளம்பரத்தால் வந்ததல்ல. நிருபர் ஒருவர் கேள்வி கொடுக்கிறார். சில மணி நேரத்தில் பொருத்தமான ஆள் கிடைக்கிறது. பக்கத்து மேசைக்காரரிடம் சொல்கிறார். இன்னொரு பக்கம், பதில் அனுப்பியவர் பெயர் பத்திரிகையில் வருகிறது. அவர் சும்மா இருப்பாரா? உறவு, நட்பு, தொழில் வட்டம் என்று எல்லோருக்கும் அனுப்புவார். எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். அடுத்த சந்தா அங்கே பிறக்கிறது. நிருபர்கள் கூடக் கூட மெயிலில் நல்ல கேள்விகள் கூடும். கேள்விகள் கூடக் கூடச் சந்தாதாரர்கள் கூடுவார்கள். அவர்கள் கூடினால் பதிலின் தரம் உயர்ந்து இன்னும் நிருபர்கள் வருவார்கள். உள்ளே என்ன எழுதுவது என்று ஷாங்க்மன் ஒருநாளும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மெயிலின் சரக்கைக் கேள்வி கேட்பவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தனி ஆளாகப் பதில் எழுதுபவருக்கு இதே அளவு சுழற்சி கிடைக்காது, அது உண்மை. ஆனால் இதன் சிறிய வடிவம் கிடைக்கும். வரி கணக்கு, தோட்டம், நிரலாக்கம் எதுவாக இருந்தாலும், வாரம் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் அதில் ஏழெட்டு ஒரே குழப்பத்தின் வேறு வேறு முகங்களாக இருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தக் குழப்பத்தை மெயிலில் எடுத்துப் பேசுங்கள். கேட்டவர்கள் பயன்படுத்திய சொற்களிலேயே பேசுங்கள். நிபுணர் ஒருவர் 'தேய்மானம்' என்று எழுதும் இடத்தில், கேட்டவர் 'பழைய கம்ப்யூட்டருக்கு என்ன கணக்கு?' என்று எழுதியிருப்பார். இரண்டாவதுதான் மெயிலின் தலைப்பு. சந்தாதாரரின் அடுத்த கேள்விக்கு அந்த மெயிலிலேயே இடம் கொடுத்தால், எழுத வேண்டியதை அவர்களே அனுப்பத் தொடங்குவார்கள்.

பதிலை எவ்வளவு திறந்து சொல்வது என்று பலர் தயங்குகிறார்கள். பாதியைச் சொல்லி மீதியை மெயிலில் வைத்தால் சந்தா கூடும் என்ற யோசனை இன்னும் உலவுகிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஷாங்க்மன் நிருபரிடம் ஆளின் பெயரை மட்டும் சொல்லி, நம்பர் வேண்டுமானால் பதிவு செய் என்று சொல்லியிருந்தால், இரண்டாவது முறை போன் வந்திருக்காது. பதில் அங்கேயே முழுதாக முடிய வேண்டும். சந்தா, அடுத்த கேள்விக்காக.

கண்டிப்பு

ஹாரோவுக்குச் சில விதிகள் இருந்தன. கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் அனுப்பக் கூடாது. இணைப்புக் கோப்பு அனுப்பக் கூடாது. கேள்வியில் கண்ட நிருபரின் முகவரியைச் சேகரித்து, தன் சொந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மீறினால் வெளியே.

கடைசி விதியைப் படித்தபோது மெயில் பட்டியல் வளர்ப்பவர்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். ஒருவர் கேள்வி கேட்டார் என்பது, எனக்கு மெயில் அனுப்பு என்று அவர் சொன்னதாக ஆகாது. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு ஸ்பேம் சட்டம் வணிக மெயிலில் அனுப்புபவரின் அஞ்சல் முகவரியும் விலகும் வழியும் இருக்க வேண்டும் என்கிறது. விலகக் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்தியாக வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் இன்னும் கடுமையானவை; சம்மதத்தை ஆதாரமாகக் காட்டினால் அது தெளிவாகக் கொடுக்கப்பட்ட சம்மதமாக இருக்க வேண்டும்.

சட்டத்தைவிட நடைமுறை வேகமாகத் தண்டிக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சரிபார்ப்புகளையும் வைத்திருக்க வேண்டும். விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலக வழி இருக்க வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கூகுள் வைத்துவிட்டது. யாஹூவும் இதே மாதிரி விதிகளைக் கொண்டுவந்தது. 0.3 சதவீதம் என்றால் ஆயிரத்தில் மூன்று பேர். கேட்காமல் சேர்த்த நூறு பேரில் மூன்று நான்கு பேர் எரிச்சலில் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால், விரும்பிச் சேர்ந்த ஆயிரம் பேருக்கும் போகும் மெயில் தடுமாறும். பட்டியலில் பெயர் கூடுவது எப்போதும் லாபமல்ல. சேர்ந்தவருக்கு உறுதிப்படுத்தும் மெயில் ஒன்று அனுப்பி, அவர் அதில் சம்மதம் சொன்ன பிறகே சேர்ப்பது நல்லது. சில பேர் அந்தப் படியில் விடுபட்டுப் போவார்கள், போகட்டும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கையும் இப்போது பெரிதாக நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிப்பவர் திறக்காமலே படங்களை முன்கூட்டி இறக்கிவிடுவதால், திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் வருகிறது. பதில் மெயில் எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். கேள்வி-பதிலில் பிறந்த பட்டியலுக்குப் பொருத்தமான அளவுகோல் அது.

விற்பனையும் சரிவும்

2010 ஜூனில் வோகஸ் என்ற மக்கள் தொடர்பு மென்பொருள் நிறுவனம் ஹாரோவை வாங்கியது. 2014-ல் வோகஸ், சிஷன் என்ற பெரிய நிறுவனத்தோடு இணைந்தது. மெயில் தொடர்ந்து வந்தது. ஆனால் அதற்குள் வெளியே உலகம் மாறிக்கொண்டிருந்தது.

2012 ஏப்ரலில் கூகுள், பெங்குவின் என்று அழைக்கப்பட்ட மாற்றத்தைத் தன் தேடலில் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய, செயற்கையாக உருவாக்கிய லிங்க்குகளை வைத்துத் தேடலில் முன்னே வந்த தளங்கள் அதில் அடிபட்டன. அதன்பின் உண்மையான செய்தித்தளம் ஒன்றிலிருந்து கிடைக்கும் லிங்க்குக்கு மதிப்பு ஏறியது. அதைப் பெற எளிய வழி எது? நிருபரின் கேள்விக்குப் பதில் சொல்வது. தேடலில் தளங்களை முன்னே கொண்டுவருவதைத் தொழிலாகச் செய்யும் எஸ்இஓ முகவர்கள் வாடிக்கையாளர்கள் சார்பில் மொத்தமாகப் பதில் அனுப்பத் தொடங்கினார்கள். மெத்தை விற்பவர் தூக்கமின்மைக்கும் பதில் சொல்வார், திருமண வாழ்க்கைக்கும் பதில் சொல்வார். மறுபக்கம், லிங்க் பரிமாற்றத்துக்காகவே நடக்கும் தளங்களும் நிருபர் வேடத்தில் கேள்வி கொடுத்தன. கேள்வி கொடுக்கும் தளம், இணையதளங்களைப் பார்வையாளர் வரத்தை வைத்து வரிசைப்படுத்திய அலெக்சா தரவரிசையில் முதல் பத்து லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2022 மே மாதம் அந்தத் தரவரிசைச் சேவையே மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. கேள்வியை அதில் ஒட்டி, வந்ததை அப்படியே நிருபருக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

அவசரத்தில் இருக்கும் நிருபருக்கு நூறு பதில் வருகிறது. எல்லாம் சுத்தமான மொழி, எல்லாம் ஒரே சாயல், எதிலும் ஒரு ஆள் இல்லை. முன்பு ஒரு பதிலை எழுத எடுத்த சிரமமே ஒரு வடிகட்டியாக இருந்தது. தெரியாதவருக்கு எழுதக் கை வராது. அந்தச் சிரமம் போனதும் வடிகட்டியும் போயிற்று. பட்டியலின் அளவில் குறையில்லை. அது வளர்ந்த காரணம் மட்டும் காணாமல் போனது.

சிஷன் இதைச் சரிசெய்யத் தேர்ந்தெடுத்த வழி, சேவையை கனெக்டிவ்லி என்ற பெயரில் ஒரு தளமாக மாற்றுவது. மெயில் நின்றது, உள்நுழைந்து தேட வேண்டும், ஒரு எல்லைக்கு மேல் பதில் அனுப்பக் கட்டணம். பதிலுக்கு விலை வைத்தால் குப்பை குறையும் என்ற நியாயம் புரிகிறது. ஆனால் அந்த விலையைக் கட்டத் தயாராக இருப்பவர் யார்? லிங்க்கால் லாபம் பார்ப்பவர். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்த செவிலியர் கட்ட மாட்டார். அதோடு அரை நிமிடப் பழக்கமும் போயிற்று. மெயில் தானாக வந்து கதவைத் தட்டும். தளத்துக்கு நாம்தான் நினைவு வைத்துப் போக வேண்டும். 2024 டிசம்பர் 9 அன்று கனெக்டிவ்லி மூடப்பட்டது.

அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த 2024 ஏப்ரலிலேயே, ஷாங்க்மன் சோர்ஸ் ஆஃப் சோர்சஸ் என்ற பெயரில் புதிய பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். மறுபடி மெயில், மறுபடி இலவசம், சம்பந்தமில்லாத பதிலுக்கு மறுபடி அதே கண்டிப்பு. 2025 ஏப்ரலில் ஃபீச்சர்டு என்ற நிறுவனம் ஹாரோ என்ற பெயரைச் சிஷனிடமிருந்து வாங்கி, அதையும் இலவச மெயிலாகவே திரும்பக் கொண்டுவந்தது. தளமாகி மூடப்பட்ட ஒன்று, நான்கு மாதத்தில் 2008-ல் இருந்த வடிவத்துக்கே வந்து நிற்கிறது.

இந்த இரண்டு பட்டியல்களிலும் சந்தாதாரர் எண்ணிக்கையை நான் பார்க்கப் போவதில்லை. மாலை நான்கு மணிக்குக் கேள்வி கொடுத்த நிருபருக்கு ஆறு மணிக்குள் வரும் பதில்களில், அந்த விஷயத்தை வாழ்ந்து பார்த்த ஒருவர் எழுதியது எத்தனை என்பதைத்தான் பார்ப்பேன்.